குடலில் தீர்மானமாகும் மருந்து

(இராஜபாளையத்தில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூலிகையால் மனச்சோர்வு தீருமா, குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம், சீனத்தில் இதற்கெல்லாம் மருந்து இருக்கிறதாமே, இதைப் பற்றிப் பேசுங்கள் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டு இன்றைக்கு ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. அந்த முடிச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அவசரம் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கடமை அறிவியல் படித்தவர்களுக்கு இருக்கிறது.

மேசை மீது மூன்று பொருள்களை வைத்திருக்கிறேன். மூன்றும் இங்கே கடைத்தெருவில், நாட்டு மருந்துக் கடையில் வாங்கியவை. காய்ந்த நிலவாகை இலை கொஞ்சம், ஒரு துண்டு அதிமதுரம், ஐந்தாறு கடுக்காய். மனச்சோர்வுக்கு மருந்து என்று இவற்றை நான் கொண்டுவரவில்லை. மூலிகை என்பது உடம்புக்குள் போய் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த மூன்றையும் வைத்துச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலில் நிலவாகை. பக்கத்தில் வந்து பாருங்கள். மஞ்சள் கலந்த வெளிர்ப் பச்சை. ஈட்டி முனை போன்ற சின்ன இலை. காம்பு சேரும் இடத்தில் இலையின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்காது, ஒரு பக்கம் சற்று இறங்கியிருக்கும். இந்த அடையாளத்தை வைத்துத்தான் கலப்படத்தைக் கண்டுபிடிப்பார்கள். சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விளைவது. விவசாயிகள் அவுரி என்றும் சொல்வார்கள். தூத்துக்குடியில் கப்பலேறி உலகமெல்லாம் போகிறது. ஐரோப்பிய மருந்து நூல்களில் இதற்குத் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர். 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்த இராஜபாளையமும் திருநெல்வேலி ஜில்லாவில்தானே இருந்தன? அப்படியானால் அந்தப் பெயரில் நமக்கும் பங்கு உண்டு.

மலச்சிக்கலுக்கு நிலவாகைச் சூரணத்தை இராத்திரி வெந்நீரில் கலந்து குடிப்பார்கள். காலையில்தான் வயிறு போகும். ஏன் இத்தனை மணி நேரம்? விளக்கெண்ணெய் குடித்தால் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே கலக்க ஆரம்பித்துவிடுகிறதே? காரணம் இதுதான். விளக்கெண்ணெயை நம்முடைய சொந்தச் செரிமான நீரே சிறுகுடலில் உடைத்துவிடும். நிலவாகையில் உள்ள சென்னோசைடு என்ற பொருளை உடைக்க நம் உடம்பிடம் கருவி இல்லை. அது வயிற்றையும் சிறுகுடலையும் அப்படியே தாண்டிப் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழற்றி, ரெய்ன் ஆந்த்ரோன் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றன. பேதியைக் கிளப்புவது அந்தப் பொருள்தான். நம் ஊர் மில்லுக்குள் பஞ்சாகப் போவது நூலாக வெளியே வருகிற மாதிரி, இலையாகப் போவது மருந்தாக மாறுவது பெருங்குடலில். அந்தப் பாக்டீரியா இல்லாவிட்டால் நிலவாகை வெறும் இலை.

இரண்டாவது அதிமதுரம். நாக்கில் வைத்தால் இனிக்கும். தொண்டைக் கட்டுக்கு நம் வீடுகளில் எப்போதும் இருப்பது. இதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் அப்படியே இரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. இதையும் குடல் பாக்டீரியாதான் உடைத்துக் கிளிசிரெட்டினிக் அமிலமாக மாற்ற வேண்டும். ஏறிய பிறகு அது சும்மா இருக்காது. தினமும் நிறையச் சாப்பிட்டால் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அதிமதுரத் துண்டைப் பிடித்துக்கொண்டே சீனத்துக்குப் போகலாம். அங்கே சியாவ் யாவ் சான் என்று ஒரு சூரணம் உண்டு. சோங் அரச மரபுக் காலத்து அரசாங்க மருந்து நூலில் எழுதப்பட்டது. அதாவது நம் நாட்டில் சோழர்கள் ஆண்ட காலத்தை ஒட்டியது. மனம் அடைபட்டு, பசி கெட்டு, விலாவில் இறுக்கமும் பெருமூச்சுமாக இருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்லீரலில் ஓட வேண்டிய உயிர்விசை தேங்கிவிட்டது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதில் எட்டுச் சரக்குகள் உண்டு. அவற்றில் மூன்று நம் அடுக்களையில் இருப்பவை: அதிமதுரம், இஞ்சி, புதினா. மனச்சோர்வுக்கு இன்றும் சீன மருத்துவர்கள் அதிகம் எழுதிக் கொடுக்கிற பழைய மருந்துகளில் இது ஒன்று.

நமக்கும் சீனத்துக்கும் மருந்து வழியாக ஓர் உறவு உண்டு என்று நம் மக்கள் எப்போதும் நம்பி வந்திருக்கிறார்கள். சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாக ஏறியவர்கள் கோரக்கர் குகையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மலையில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சித்தர்களில் போகரும் ஒருவர். அவர் சீனத்திலிருந்து வந்தவர் என்பார்கள் சிலர். இங்கிருந்து சீனம் போய்த் திரும்பியவர் என்பார்கள் வேறு சிலர். இதை வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதிமதுரமும் இஞ்சியும் இரண்டு மருத்துவத்திலும் இருக்கின்றன என்பதற்குக் கதை தேவையில்லை, கடையே சாட்சி.

மூன்றாவது கடுக்காய். காய்ந்த பிறகு ஐந்து வரி எழும்பி நிற்கிறது பாருங்கள். கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு, இஞ்சிக்கு வெளியே நஞ்சு என்று சொல்லிக் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடிப்பார்கள் நம் பாட்டிமார். அந்தத் தோலின் துவர்ப்புப் பொருளைச் சில பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றுகின்றன. இங்கேதான் முக்கியமான செய்தி. எல்லாருடைய குடலும் இதைச் செய்வதில்லை. சிலர் ஒரு வகை யூரோலித்தின் உண்டாக்குகிறார்கள், சிலர் இன்னொரு வகை, சிலரிடம் ஒன்றுமே உண்டாவதில்லை. ஒரே வீட்டில் ஒரே சூரணத்தை அண்ணனும் தம்பியும் சாப்பிட்டு, அண்ணனுக்குக் கேட்டது தம்பிக்குக் கேட்கவில்லை என்றால், வைத்தியரைக் குறை சொல்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

நம் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை 2016-இல் மூன்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சுமார் 38 லட்சம் கோடி. நம்முடைய சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. அத்தனை பாக்டீரியாவையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோகூட வராது. இந்தக் கால் கிலோவுக்கும் மனசுக்கும் என்ன பேச்சுவார்த்தை?

பேச்சுவார்த்தை நடக்கிறது. அதற்குப் பாதைகள் இருக்கின்றன. வேகஸ் என்ற நீண்ட நரம்பு மூளையின் அடியிலிருந்து வயிறு வரை இறங்குகிறது. அதில் உள்ள இழைகளில் பெரும்பாலானவை மூளையிலிருந்து கீழே கட்டளை கொண்டுவருபவை என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் சுமார் 80 விழுக்காடு, கீழேயிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. இன்னொரு பாதை நோய் எதிர்ப்பு மண்டலம். குடல் சுவர் புண்பட்டால் உண்டாகும் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் ஏறி மூளையைத் தொடும். மூன்றாவது, நார்ச்சத்தைத் தின்று பாக்டீரியா உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற சிறு அமிலங்கள்.

செரோட்டோனினைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பின் செரோட்டோனினில் 90 விழுக்காடு குடலில் உண்டாகிறது, ஆகவே குடலைச் சரிசெய்தால் மனசு சரியாகும் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். முதல் பாதி உண்மை. ஆனால் குடலில் உண்டாகும் செரோட்டோனின் மூளைக்குள் நுழைய முடியாது. நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இந்த ஒரு வரியை மறைத்துவிட்டு எத்தனை டப்பா விற்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

ஆய்வுகளுக்கு வருகிறேன். 2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், குடலில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் வளர்த்த எலிகளைச் சிறு கூண்டில் அடைத்துக் கலங்க வைத்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றுக்குக் கலக்கத்தின் ஹார்மோன்கள் மிக அதிகமாக ஏறின. ஒரே ஒரு வகை பாக்டீரியாவைக் குடிக்கக் கொடுத்ததும் அது அடங்கியது. 2011-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஜான் கிரையன் குழுவினர் லாக்டோபாசிலஸ் இனத்தில் ஒன்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் பயம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டியபோது அந்தப் பலன் போய்விட்டது. 2016-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மனச்சோர்வு உள்ள மனிதர்களின் குடல் பாக்டீரியாவை எலிகளுக்கு மாற்றியபோது எலிகளும் சோர்ந்தன. இனிப்பில்கூட நாட்டம் குறைந்தது.

மனிதர்களிடம்? 2019-இல் பெல்ஜியத்தில் 1,054 பேரின் மலத்தைச் சோதித்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் கோப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற இரண்டு வகை குறைந்திருந்தன. மாத்திரையின் விளைவைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குறைவு நின்றது. நல்ல ஆய்வு. ஆனால் மனச்சோர்வு உள்ளவர் சரியாகச் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார், நடமாடமாட்டார். அதனாலேயே பாக்டீரியா குறையலாம். எது முந்தி, எது பிந்தி என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. அதோடு அது பெல்ஜியத்துக் குடல். நம் நாட்டு மக்களின் குடலில் பிரிவோடெல்லா என்ற வகை மிகுதி என்று இந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே கண்டதை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாது.

கார்க் நகரத்தில் சுண்டெலியின் பயத்தைப் போக்கிய அதே பாக்டீரியாவை 2017-இல் ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது ஒன்றும் மேலாக இல்லை. அதே குழு, மறைக்காமல் வெளியிட்டது. அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியதே அதனால்தான். அந்தச் செய்தி எந்தத் தயிர் விளம்பரத்திலும் வராது.

அப்படியானால் சீனச் சூரணத்தின் கதி என்ன? எலிகளிடம் நிறையச் செய்திருக்கிறார்கள். சியாவ் யாவ் சான் கொடுத்தால் சோர்ந்த எலி தேறுகிறது, அதன் குடல் பாக்டீரியாவும் மாறுகிறது என்று கட்டுரைகள் வந்திருக்கின்றன. மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் உண்டு. ஆனால் பெரும்பாலானவை சிறியவை. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்றுப் பொட்டலம் என்பதை மறைத்து நடத்தியவை குறைவு. மூலிகை பாக்டீரியாவை மாற்றுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. பாக்டீரியா மூலிகையை மாற்றுகிறது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இந்த மேசையிலேயே இருக்கிறது. பாக்டீரியா மாறியதால்தான் ஒரு மனிதரின் மனச்சோர்வு தீர்ந்தது என்று காட்டும் கண்ணி மட்டும் இன்னும் கோக்கப்படவில்லை. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததன் நடுப்புள்ளி இதுதான்.

மூலிகை மனசைத் தொடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடும். ஆழமாகவே தொடும். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. சர்ப்பகந்தி என்ற செடி. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. இதன் வேர் பித்துப் பிடித்தவர்களைச் சாந்தப்படுத்துகிறது, இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தாம் மருந்து கொடுத்த நோயாளிகளின் விவரங்களைப் பிரிட்டன் இதய நோய் இதழில் வெளியிட்டார். அதன் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. 1954-இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் மனநல மருத்துவமனையில் அதைப் பயன்படுத்தி எழுதினார். இப்போதைய மனநல மருந்துகளின் காலம் தொடங்கிய வாசலில் நம் நாட்டு வேர் ஒன்று கிடக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. பிரஷருக்காக ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் ஒடிந்து போனார்கள். சாவைப் பற்றி நினைத்தார்கள். மூளையில் உள்ள செரோட்டோனின், நார்அட்ரினலின் போன்றவற்றை அந்த மருந்து வடித்துவிடுகிறது என்று தெரிந்தது. அப்படியென்றால் மனச்சோர்வே இவை குறைவதால் வருகிறதோ என்ற கருத்து அதிலிருந்துதான் வலுத்தது. பின்னால் வந்தவர்கள் பழைய பதிவுகளை மறுபடி அலசி, ரெசர்பினுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு நினைத்த அளவு உறுதியானதல்ல என்று எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் மனச்சோர்வு உள்ளவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இன்னும் நிற்கிறது. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்று யாராவது சொன்னால் சர்ப்பகந்தியை நினைவுபடுத்துங்கள். ஒரு நாட்டு மருந்துக்கு மனசைத் தூக்கவும் வலிமை உண்டென்றால், அமுக்கவும் வலிமை இருக்கும்.

இனி நம் ஊர்ச் சங்கதி. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் தூக்கமே ஷிப்ட் கணக்கில்தான் நடக்கிறது. சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளும் அப்படித்தான். குடல் பாக்டீரியாவுக்கும் பகல் இரவு உண்டு. எந்த நேரத்தில் எந்த வகை பெருகும், எது அடங்கும் என்று ஒரு தாளம் இருக்கிறது. நேரம் கெட்டுச் சாப்பிட்டு நேரம் கெட்டுத் தூங்கினால் அந்தத் தாளம் குலைகிறது என்பதை 2014-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வு காட்டியது. இரவு வேலை செய்கிறவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நைட் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் ‘வயிறும் சரியில்ல, மனசும் சரியில்ல’ என்று சொன்னால் அதை இரண்டு தனிப் புகாராக எடுக்கக் கூடாது. ஒரே உடம்பு பேசுகிறது.

இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர் முதலில் எங்கே போகிறார்? நாட்டு மருந்துக் கடைக்கு. ஒரு நாள் கடையில் நான் நின்றபோது ஓர் அம்மா தன் வீட்டுக்காரருக்காகக் கேட்டதைக் கேட்டேன். ‘எதுலயும் பிடிப்பே இல்லண்ணே, ராத்திரி முழுக்க முழிச்சே கிடக்காரு. குடலச் சுத்தம் பண்ணுனா மனசு தெளியுமாமே, செல்லுல பாத்தோம்.’ கடைக்காரர் நல்ல மனிதர். ‘ஏற்கெனவே மாத்திரை ஏதும் சாப்பிடறாராம்மா?’ என்று கேட்டார். ‘மனசு டாக்டர் குடுத்தது சாப்பிடறாரு, இனி நிப்பாட்டிரலாம்னு இருக்கோம்’ என்றார் அந்த அம்மா. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கடைக்காரர் சூரணம் கொடுக்கவில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்குகிறேன். மனநல மருத்துவர் கொடுக்கும் மருந்துகளில் லித்தியம் என்று ஒன்று உண்டு. மனம் உச்சிக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகிறவர்களுக்குக் கொடுப்பது. அதன் அளவு இரத்தத்தில் ஒரு சிறு எல்லைக்குள் நிற்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. அதைச் சாப்பிடுகிறவர் பேதி மருந்து குடித்து, நான்கைந்து முறை போய், உடம்பில் நீரும் உப்பும் வற்றினால் லித்தியம் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறிவிடும். கை நடுங்கும், நாக்குக் குழறும், நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்தாகலாம். நிலவாகையின் குற்றம் அதில் எதுவும் இல்லை. லித்தியத்தின் குற்றமும் இல்லை. ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாததுதான் குற்றம். அமுக்கரா கிழங்கையும் சொல்ல வேண்டும். கலக்கத்துக்கும் தூக்கத்துக்கும் அது உதவுவதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. 2023-இல் டென்மார்க் அதை உணவுப் பொருள்களில் தடைசெய்தது. தடை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் தினம் சாப்பிடுகிறவர் தன் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ‘நாட்டு மருந்து சாப்பிடறீங்களா?’ என்று நீங்கள் அதட்டிக் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். அன்பாகக் கேளுங்கள். எங்கள் ஜனங்கள் பயந்தவர்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற பேராசிரியர் மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டு பிரிவாக்கி 12 வாரம் நடத்திய சோதனை 2017-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குக் காய், பழம், பயறு, முழுத் தானியம், மீன், கொட்டை வகைகள் சாப்பிட வழிகாட்டினார்கள். இன்னொரு பிரிவுக்குப் பேச்சுத் துணை மட்டும். உணவை மாற்றியவர்களில் 32 விழுக்காட்டினர் தேறினார்கள். மற்றவர்களில் 8 விழுக்காடு. சின்ன ஆய்வு, யாருக்கு எது என்பதை மறைக்க முடியாத ஆய்வு. ஆனாலும் பக்கவிளைவு இல்லாத வழி. அதில் கலந்துகொண்டவர்களில் பலர் மாத்திரையையும் நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் பங்குக்கு என்ன இருக்கிறது? இந்த மாவட்டத்துக் குதிரைவாலி இருக்கிறது. கம்பங்கூழ் இருக்கிறது. இராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு இருக்கிறது. அதில் இரவோடு இரவாகப் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் குடல் நோயாளிகளுக்கு எப்படி உதவும் என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அது குடல் நோய்க்கான ஆய்வு, மனச்சோர்வுக்கு அல்ல. விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் விட்டுவிடச் சொல்லவில்லை. விருந்தாளியாக வரட்டும், குடியிருக்க வேண்டாம். பாக்டீரியாவுக்குத் தீனி நார்ச்சத்து. அதைக் கொடுப்பதற்கு யாரும் 1,500 ரூபாய் டப்பா வாங்க வேண்டியதில்லை.

மூலிகை வளரும் நம் மலைக்கு வருகிறேன். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பக்கமும் தாணிப்பாறையிலும் பளியர் பழங்குடியினர் வாழ்கிறார்கள். எந்த மரத்தின் பட்டை எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும், எவ்வளவு எடுத்தால் மரம் பிழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1988-இல் அந்தக் காடு சாம்பல்நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. காட்டைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காப்பகம் ஆன காட்டில் பளியரின் அறிவு பயன்படாமல் போனால் அடுத்த தலைமுறையில் அது இருக்காது. சீனாவில் நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதிவைத்த மருத்துவக் குறிப்பு ஒன்றைப் படித்துத்தான் தூ யூயூ மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டுபிடித்தார். 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. கே ஹோங்கின் அதே நூலில், கடும் வயிற்றுப்போக்குக்கு ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. இன்று ஒரு வகைக் குடல் தொற்றுக்கு மேலைநாட்டு மருத்துவமனைகளில் அதைச் சுத்திகரித்துச் செய்கிறார்கள். எழுதிவைத்ததால் தேடி எடுக்க முடிந்தது. எங்கள் பளியர் அறிவை, அவர்களுடைய உரிமையையும் பங்கையும் முதலில் உறுதிசெய்துவிட்டு, எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து ஒரு கோரிக்கை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே நாம் இருக்கிறோம். மனநல மருத்துவரும் சித்த மருத்துவரும் நுண்ணுயிரியல் படித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நம் ஊர் நோயாளிகளிடம், அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாமல், ஒரு சூரணத்தை முறையாகச் சோதிக்க வேண்டும். முன்னும் பின்னும் குடல் பாக்டீரியாவைப் பார்க்க வேண்டும். பலித்தால் பலித்தது என்றும் பலிக்காவிட்டால் பலிக்கவில்லை என்றும் வெளியிட வேண்டும். சித்த மருத்துவத்துக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுதான். சோதிக்காமல் புகழ்வது அதற்குச் செய்யும் துரோகம்.

அதுவரைக்கும் நோயாளி காத்திருக்க முடியாது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டில் 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வால் பாதிக்கப்படுகிறார். அவர்களில் நூற்றுக்கு 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இந்த அரங்கில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவருக்கு எதிலும் நாட்டம் இல்லை, தூக்கம் இல்லை, பசி இல்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால் அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் இருக்கிறார், மருந்து இலவசம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. சூரணமோ கஷாயமோ சாப்பிட்டால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ 104-ஐயோ கூப்பிடுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். காசு கிடையாது. தமிழில் பேசலாம்.